ஒருமுறை போய்விட்டு நிறுத்திய மகனுக்கு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதற்கு நான் "சரி, உன்ர விருப்பம்" என்று பதில் சொன்னேன். அது என் மனதில் இருந்த பதில் இல்லை. பல்கலைக்கழகத்து மாணவர் ஆலோசகரிடம் ஒருமுறை போனாய் என்றும், சரிவரவில்லை என்றும், வருகிற புதன்கிழமைக்குத் தந்த அடுத்த நேரத்துக்குப் போகப்போவதில்லை என்றும் சொன்னாய். ஏன் என்று கேட்டேன். "எந்த ஊரெண்டு கேட்டார் அம்மா. விசுவமடு எண்டனான். உடன சண்டையைப் பற்றிக் கேக்கத் துவங்கீட்டார். எனக்கு அப்ப மூண்டு வயசு, நான் என்னத்தைச் சொல்ல? கடைசியில அந்தாளுக்குக் கவலையாப் போயிடும் எண்டு நானே ரெண்டு மூண்டு சொல்லீட்டு வந்தனான்" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நீ, "வேற கதைக்கிறதெண்டால்…" என்று தொடங்கி, அதை முடிக்காமல், அறைக்கு யாரோ வருகிறார்கள் என்று வைத்துவிட்டாய். யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வசனத்தின் மிச்சம் என்ன என்பதும் ஓரளவுக்குத் தெரியும். புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் நீ "ஓம் ஓம்" என்று கேட்டுவிட்டுக் கதையை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

இதை நீ வாசித்து முடித்து, உனக்குச் சம்மதம் என்றால், பெயர்களை எடுத்துவிட்டு எங்கள் நூலகம் ஆண்டுக்கொருமுறை போடும் இதழுக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன். என் விஷயங்களை ஊர் வாசிக்கக் கொடுப்பது எனக்கு இலகுவான காரியம் அல்ல. ஆனால் இங்கே வந்து புத்தகங்களைப் புரட்டிவிட்டு, எதையும் எடுக்காமல் போகும் பெண்கள் சிலரை நான் தினமும் பார்க்கிறேன். நீ வேண்டாம் என்றால் இது உன்னோடு மட்டும் இருக்கட்டும்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். நீ ஒன்பதாம் வகுப்பில் படித்த காலத்தில், நூலகம் பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் நான் முல்லைத்தீவுக்குப் போய்வருவேன். புத்தகங்களைப் பட்டியலிடும் பயிற்சி என்று உனக்குச் சொன்னேன். "எத்தினை மாசமா அம்மா பட்டியல் போடப் பழகுறியள்?" என்று ஒருநாள் நீ நக்கலடித்ததும் நினைவிருக்கிறது. பயிற்சி ஒன்றும் இல்லை. உன்னை இப்போது போகச் சொல்கிற மாதிரியான ஓர் அறைக்குத்தான் நானும் போனேன்.

போக வைத்தது நீதான். உனக்குப் பதின்மூன்று வயது. மாலை வகுப்பு முடிந்து நீ வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. சைக்கிள் காற்றுப் போய், வழியில் சிநேகிதன் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாய். நாற்பது நிமிடம், அவ்வளவுதான். அன்று கோயில் திருவிழா. நான் ஓடிப்போய் ஒலிபெருக்கிக்காரரிடம் உன் பெயரையும் வயதையும் சட்டையின் நிறத்தையும் சொல்லி, காணவில்லை என்று அறிவிக்கச் சொன்னேன். அவர் தயங்கினார். "தங்கச்சி, இப்பதானே இருட்டுது, கொஞ்சம் பாப்பம்" என்றார். நான் விடவில்லை. மூன்று தரம் அறிவித்தார். நீ சிநேகிதன் வீட்டு வாசலில் நின்று உன் பெயரைக் கேட்டிருக்கிறாய். அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் பெடியள் உன்னைக் கண்டதும், "வழிவிடுங்கோடா, காணாமல் போனவர் வாறார்" என்று பகிடி பண்ணினார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பாரம் என்று அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்கள். ஒன்பது நாள் நீ என்னோடு கதைக்கவில்லை. பத்தாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தலை நிமிராமல் ஒன்று சொன்னாய். "அம்மா, நான் பிந்தித்தான் வந்தனான். காணாமல் போகேல்ல."

அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. நூலகத்தில் வேலை செய்கிறவள் என்பதால் முதலில் புத்தகங்களில் தேடினேன். பயத்தைப் பற்றி, நித்திரையைப் பற்றி, பிள்ளை வளர்ப்பைப் பற்றி எங்கள் அலுமாரிகளில் இருந்த எல்லாவற்றையும் வாசித்தேன். என்னில் என்ன பிழை என்று ஒரு கட்டுரை எழுதும் அளவுக்கு எனக்கு அறிவு வந்தது. ஆனால் நீ ஐந்து நிமிடம் பிந்தினால் என் கால்கள் தாமாகவே வீதிக்குப் போயின. வாசிப்பு எனக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. இதை மட்டும் அதனால் செய்ய முடியவில்லை, ஏனென்றால் புத்தகம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நான் எந்த இடத்தில் பக்கத்தைத் தாண்டிப் போகிறேன் என்று அதற்குத் தெரியாது.

முதலில் போனது பக்கத்து அலுவலகத்தில் இருந்த ஓர் இளம் ஆலோசனை உத்தியோகத்தரிடம். நல்ல பிள்ளை. நான் சொல்லச் சொல்ல அவளும் அழுதாள். பிறகு, "உங்களுக்கு ஒரு ஆம்பிளைப் பிள்ளை இருக்குத்தானே அக்கா, அவனைப் பாத்து மனதைத் தேற்றுங்கோ" என்றாள். அவனைப் பார்த்துத்தான் இந்த நிலை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? அடுத்த கிழமை, புத்தகம் திருப்பித் தர வந்த ஒரு பெண் குரலைத் தாழ்த்தி, "இப்ப நித்திரை வருதோ பிள்ளை?" என்று கேட்டார். அவர் அந்த உத்தியோகத்தரின் சின்னம்மா. கெட்ட எண்ணம் இல்லை, கரிசனைதான். ஆனாலும் நான் பிறகு அங்கே போகவில்லை. ஊர் சின்னது, எல்லாரும் எல்லாருக்கும் உறவு. ஆகவே போகிற இடத்தில் முதலாவதாகக் கேட்கவேண்டியது, நான் சொல்வது இந்த அறையை விட்டு எப்போது வெளியே போகும், யாரிடம் போகும் என்பதுதான். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்லவர் என்றால் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் பதில் சொல்வார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இன்னாருக்குச் சொல்லவேண்டிவரும் என்று அதையும் மறைக்காமல் சொல்வார். மழுப்பினால் எழும்பி வந்துவிடலாம்.

பிறகு ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனேன். அங்கே வைத்தியர் நித்திரைக்குத் தந்த குளிசை எனக்கு உதவியது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பல வருடத்துக்குப் பிறகு சில நாள் விடியும்வரை படுத்தேன். ஆனால் வெளியே வாங்குகளில் ஐம்பது பேர் காத்திருந்தார்கள். வைத்தியரால் ஐந்து நிமிடத்துக்கு மேல் தரமுடியாது. கதைக்கிறதென்றால் வேறு ஆளிடம் போகவேண்டும் என்று அவரே சொல்லி, ஒரு காகிதத் துண்டில் முல்லைத்தீவு விலாசம் எழுதித் தந்தார். குளிசை ஒரு வேலை, கதை இன்னொரு வேலை. ஒன்றை எடுத்தால் மற்றது தோல்வி என்று நினைக்காதே.

முல்லைத்தீவுக்குப் போகும் பஸ் எந்த வழியால் போகும் என்று உனக்குத் தெரியும். உன் அப்பாவைப் புதைத்துவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு நான் நடந்த வீதியால்தான் போகவேண்டும். அந்த இடம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வேன். வட்டுவாகல் பாலம் வந்ததும் திறப்பேன். போனது, ஒரு தொண்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்த சிறிய வீடு. ஆலோசகர் ஒரு முஸ்லிம் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்குள் ஒரு தயக்கம் இருந்ததை ஒளிக்கமாட்டேன். எங்களுக்கு நடந்தது இவருக்கு விளங்குமா என்று நினைத்தேன். "மிஸ் இந்த ஊரோ?" என்று கேட்டேன். "ஓம், இங்கதான் பிறந்தனான். பத்து வயசில, தொண்ணூறில, முஸ்லிம் ஆக்கள் எங்களையெல்லாம் வெளியேற்றினாங்கள், புத்தளத்தில வளந்து திரும்பி வந்தனான்" என்றார். அதற்கு மேல் தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. "உங்களுக்கு நடந்தது எனக்கு விளங்கும் எண்டு நான் முதலே சொல்லமாட்டன். விளங்காட்டிக் கேப்பன். சொல்லுங்கோ" என்றார். எனக்கு வேறொரு நிம்மதியும் இருந்தது. அவருடைய சின்னம்மாக்கள் யாரும் எங்கள் நூலகத்துக்கு வரமாட்டார்கள்.

இனி, எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய ஒரு பிழையை எழுதுகிறேன். நான் ஃபைலை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். உனக்குத் தெரியும், அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் அந்த நீலப் பிளாஸ்டிக் ஃபைல். அப்பாவின் மரணச் சான்றிதழ், எங்கள் கலியாண எழுத்துப் பத்திரம், உன் பிறப்புப் பத்திரம், முகாம் அட்டை, கிராம சேவகரின் கடிதம், எல்லாவற்றிலும் மூன்று மூன்று பிரதிகள். பத்து வருடமாக எந்த அதிகாரியின் கதிரைக்கு முன்னால் இருந்தாலும் முதலில் அதைத்தான் மேசையில் வைத்திருந்தேன். அவருடைய மேசையிலும் வைத்தேன். வைத்துவிட்டு, இருபது நிமிடம் நிறுத்தாமல் சொன்னேன். இடம், நேரம், எந்தப் பக்கத்திலிருந்து ஷெல் வந்தது, யார் யார் கண்டது. அழவில்லை. ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. அவர் ஃபைலைத் தொடவில்லை. "இதை எத்தினை பேருக்குச் சொல்லியிருக்கிறீங்க?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். விசாரணைக்கு வந்தவர்கள், வீட்டுத் திட்டத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று இருபதுக்கு மேல். "எல்லாருக்கும் இப்பிடியேதானா?" என்றார். ஓம் என்றேன். "நான் இதைப் பாக்கத் தேவையில்லை. இங்க நீங்கள் ஒண்டையும் உறுதிப்படுத்த வேண்டாம். காலமை என்ன சமைச்சனீங்கள், அதைச் சொல்லுங்கோ" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் வந்தது காலைச் சாப்பாட்டைச் சொல்லவா? புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் என்றேன். எத்தனை மணிக்கு எழும்பினேன் என்று கேட்டார். மூன்றரைக்கு என்றேன். பள்ளிக்கூடப் பஸ் எத்தனை மணிக்கு என்றார். ஆறே முக்காலுக்கு. இடையில் என்ன செய்வேன் என்று கேட்டபோதுதான், உன் புத்தகப் பையைத் திறந்து, அடியில் நான் எழுதி வைக்கும் துண்டு இருக்கிறதா என்று பார்ப்பேன் என்று சொன்னேன். உன் பெயர், என் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், உன் இரத்த வகை. அவர், "மகனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் நான் அழுதேன். இருபது பேருக்குச் சொன்ன கதையில் இந்தத் துண்டு இருக்கவில்லை.

நீ அந்த ஆலோசகருக்கு "ரெண்டு மூண்டு சொல்லீட்டு" வந்தாய் அல்லவா, அதுவும் ஃபைல்தான். அவர் கேட்கிறார் என்று நினைத்ததை நீ கொடுத்தாய். நல்லாகச் சொல்லவேண்டும் என்று போகாதே. ஒழுங்காக வருகிற கதை ஏற்கெனவே பலமுறை சொன்ன கதை. தடுமாறுகிற இடத்தில், இது ஒரு விஷயமா என்று உனக்கே வெட்கம் வருகிற இடத்தில் தொடங்கு. அன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்பதிலிருந்தும் தொடங்கலாம்.

எல்லாம் சுகமாகப் போனது என்று நினைக்கவேண்டாம். ஐந்தாவதோ ஆறாவதோ தடவை, "உங்கட பயத்தை மகன்தான் சுமக்கிறார் போல" என்று மிஸ் சொன்னார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த வசனம் என்னைக் குத்தியது. தனியாகப் பிள்ளை வளர்த்தவளிடம் சொல்கிற கதையா அது? இரண்டு திங்கட்கிழமை போகவில்லை. மூன்றாவது கிழமை, இனி வரமாட்டேன் என்று சொல்வதற்காகவே போனேன். முகத்துக்கு நேரே, "மிஸ், நீங்கள் சொன்னது எனக்கு நொந்தது" என்றேன். அவர் உடனே தன்னை நியாயப்படுத்தவில்லை. "எந்தச் சொல் நொந்தது?" என்று கேட்டார். சொன்னேன். "அதை நான் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டன். மன்னியுங்கோ. அதில உண்மை இருக்கோ இல்லையோ எண்டு நாங்கள் ரெண்டு பேரும் ஆறுதலாப் பாப்பம்" என்றார். ஓர் உத்தியோகக் கதிரையில் இருந்துகொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் அவர். அதன்பிறகுதான் என்னால் உண்மையாகக் கதைக்க முடிந்தது. சரியான ஆள் என்றால் பிழை விடாத ஆள் என்று அதுவரை நினைத்திருந்தேன். நொந்தது என்று சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கக்கூடிய ஆள் என்றால் போதும்.

அதனால் உன் ஆலோசகருக்கு இன்னொரு சந்தர்ப்பம் கொடு என்று சொல்கிறேன். "சேர், நான் சண்டையிலயிருந்து துவங்க விரும்பேல்ல" என்று ஒரு வசனம் சொல். அதைக் கேட்டு அவர் என்ன செய்கிறார் என்று பார். தன் கேள்வியை விட்டுவிட்டு உன் பக்கம் வந்தால் மூன்று நான்கு தடவை போய்ப் பார்க்கலாம். வரவில்லை என்றால் வேறு ஆளைக் கேள். பெண்ணிடம் கதைப்பது இலகு என்றால் பெண்ணைக் கேள். சிங்களத்தில் நீ என்னைவிட நன்றாகக் கதைப்பாய், ஆனாலும் தமிழில் கதைக்கக்கூடிய ஒருவரையே கேள். கோபம் வந்தால் நீ எந்த மொழியில் ஏசுவாயோ, அந்த மொழி அவருக்கும் விளங்கவேண்டும். ஆளை மாற்றுவது தோல்வி இல்லை, நான் மூன்றாவது ஆளிடம்தான் நின்றேன். போய்வந்த கையோடு விரிவுரைக்கு ஓடாதே. கொஞ்சம் நட, தேத்தண்ணி குடி. சில நாள் போனதைவிட மோசமாகத் திரும்பி வருவாய். அப்படியான நாட்களில்தான் அந்த வீதியிலும் நான் பஸ்ஸில் கண்ணைத் திறந்துகொண்டே வந்திருக்கிறேன்.

மிஸ் எனக்கு ஒரு வேலை தந்திருந்தார். நீ பிந்தினால் பத்து நிமிடம் தொலைபேசியைத் தொடக்கூடாது. பிறகு பதினைந்து. அந்த நேரத்தில் நான் வளவில் புல்லுப் பிடுங்குவேன். அந்த வருடம் எங்கள் வளவு அவ்வளவு துப்புரவாக இருந்ததற்குக் காரணம் நீதான். அரை மணித்தியாலம் வரை வந்தேன். அந்த நேரத்தில் தொண்டு நிறுவனத்தின் புரொஜெக்ட் முடிந்தது. இங்கே எல்லாம் அப்படித்தானே முடியும். வீட்டைப் பூட்டினார்கள், மிஸ்ஸை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். கடைசி நாளில் வேறு இரண்டு பேருடைய விபரத்தை எழுதித் தந்தார். நான் போகவில்லை. இப்போது சுகம்தானே என்று நினைத்தேன். திரும்பவும் முதலிலிருந்து யாருக்குச் சொல்வது என்ற அலுப்பும் இருந்தது.

அதன் விலையைக் கொடுத்தது நீ. போன மாதம் உனக்குச் சோதனை நடந்த காலை, உன் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மலைப்பக்கத்து வீதியில் ஒரு பஸ் கவிழ்ந்ததாகச் செய்தியில் காட்டினார்கள். நீ மண்டபத்துக்குள் இருக்கிறாய், தொலைபேசி வெளியே பையில் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே பதினொரு தடவை உனக்கு அழைப்பு எடுத்தேன். பத்தே முக்காலுக்கு நீ திரும்ப எடுத்து, வயிற்றுக்குத்து, பாதியில் எழும்பி வந்துவிட்டேன் என்றாய். சோதனை பன்னிரண்டு மணிக்குத்தான் முடியும். அம்மா எடுத்திருப்பாவோ என்ற யோசனை உன்னைக் கதிரையில் இருக்கவிடவில்லை. வெளியே வந்து பார்த்தால், எடுத்துத்தான் இருக்கிறேன். எனக்கு விளங்கியது. ஆனாலும் "சுடுதண்ணி குடி" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பாடத்தை நீ திரும்ப எழுதலாம். ஆனால் எழுதப் போகும்போதும் இதே உடம்போடும் இதே பயத்தோடும்தான் அந்தக் கதிரையில் இருக்கப்போகிறாய். அதற்கு முன் யாரிடமாவது நீ கதைக்கவேண்டும்.

அங்கே கதைக்கவேண்டியது என்னைப் பற்றி. நீ தொலைபேசியில் முடிக்காமல் விட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன். நீ நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஊர் உனக்குச் சொல்லித்தந்த ஒரே பாடம், "அம்மா பாவம்." கடைக்காரர் சொன்னார், ஆசிரியர்மார் சொன்னார்கள், உன் மாமா ஒவ்வொரு முறை வந்துபோகும்போதும் தோளில் தட்டிச் சொன்னார். "அம்மா பாவம், பதினெட்டு வயசில கலியாணம் கட்டி, இருபத்தியிரண்டில தனிச்சுப்போனவா, அவவைக் கஷ்டப்படுத்தாதை." ஒருவரும் பொய் சொல்லவில்லை. நானும் அவர்களைத் தடுக்கவில்லை, ஏனென்றால் அந்தச் சொல் உன்னை வீட்டில் வைத்திருந்தது. அது எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு பகல் எடுத்தது.

என்னைக் குறை சொல்லாமல் உன்னைப் பற்றிச் சொல்ல உனக்கு வழியில்லை. அது துரோகம் இல்லை. ஒலிபெருக்கியைச் சொல். பையில் இருந்த துண்டைச் சொல். நீ அதை எப்போதோ கண்டுபிடித்திருப்பாய் என்று நினைக்கிறேன். பதினொரு அழைப்பைச் சொல். எனக்குத் தெரியாத வேறும் இருக்கும், அதையும் சொல். கோபமாகச் சொல். அவர் என்னைப் பற்றிப் பிழையாக நினைத்துவிடுவாரே என்று இடையில் நிறுத்தி எனக்காகக் கதைக்காதே. எனக்காகக் கதைக்க நான் இருக்கிறேன். மிஸ் எழுதித் தந்த இரண்டு பேரில் ஒருவரை நேற்றுத்தான் தேடிப் பிடித்தேன், வவுனியாவில் இருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை எனக்கு நேரம் தந்திருக்கிறார். என் பயத்தை நான் அங்கே கொண்டுபோகிறேன். உன்னிடம் இருக்கும் பங்கை நீ அங்கே கொண்டுபோ.

புதன்கிழமை நான் எடுக்கமாட்டேன். வியாழனும் எடுக்கமாட்டேன். உனக்கு எப்போது எடுக்கத் தோன்றுகிறதோ அப்போது எடு. போனாயா என்று கேட்கமாட்டேன், என்ன சொன்னாய் என்றும் கேட்கமாட்டேன். நீ என்னைப் பற்றிச் சொன்னவற்றில் ஒன்றைக்கூட நான் அறியாமலே செத்துப்போனால், தம்பி, அது எனக்குக் குறையில்லை.

அம்மா